வல்லினம் தாங்காத மைக்

முதலாம் குறுக்குத்தெருவில் வாங்கினேன்.
"உள்ளே அலுமினிய நாடா,
சிகரெட் பெட்டித் தாளிலும் மெல்லிசு.
ஊதிப் பார்த்துராதீங்க" என்றார் கடைக்கார பஷ்லி.
ஊதிப் பார்க்காமல் மைக்கை நம்பியவர்
இந்த ஊரில் யார்?

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
கடல் பக்க ஜன்னலைச் சாத்தி
மின்விசிறியை நிறுத்தினேன்.
வேர்வை முழங்கையிலிருந்து கிற்றாரில் சொட்டியது.
அம்ப்பின் முதுகில் நாற்பத்தெட்டு வோல்ட் பொத்தான்,
நாடாவுக்கு அது நஞ்சாகலாம்.
கை தவறிப் படாதிருக்க
குதிக்கால் காயத்துக்கு வாங்கிய பிளாஸ்டரை
அதன்மேல் ஒட்டிவிட்டேன்.

குரல் வந்தது,
சுவருக்கு அப்பால் யாரோ கணக்குப் பேசுவதுபோல.
கெயினை முழுக்கத் திருப்பினால்
தகரத்தில் மழை.
இன்னும் ஒரு மயிரிழை திருப்ப
அம்ப் ஊளையிட்டது.
இந்த மைக்குக்கு இந்த அம்ப் செய்யப்படவில்லை,
தெரியும். வேறு அம்ப் வாங்கக் காசில்லை,
அதுவும் தெரியும்.

முன்னுக்கும் பின்னுக்கும் கேட்கும்,
இரு விலாவும் செவிடு, அதன் பிறப்பு அப்படி.
செவிட்டு விலாப் பக்கம் அம்ப்பை நகர்த்தினேன்.
ஊளை அடங்கியது.
முன்னுக்கு ஜெனிற்றா, பின்னுக்குக் கிற்றாரோடு நான்,
நடுவில் ஸ்டாண்ட்.
நாலு வருசத்தில்
இவ்வளவு நேருக்கு நேர் இருந்ததில்லை நாங்கள்.

"ப வந்தால் முகத்தைத் திருப்பு" என்றேன்.
"ப இல்லாமல் என்ன பாட்டு?"
"க, ச பரவாயில்லை. த கூடப் பொறுக்கும்.
ப தான் வெடி."
சிரித்தாள். பிறகு
ஒவ்வொரு ப-வுக்கும் கன்னத்தை
மூடிய ஜன்னல் பக்கம் கொடுத்துவிட்டு
மீதிச் சொல்லோடு திரும்பி வந்தாள்.
பனி வெளியே, னி உள்ளே.
பிழையில் ப போனது,
ழை மட்டும்
எண்ணெய் தடவியதுபோல் அம்ப்பிலிருந்து இறங்கியது.
அப்படி ஒரு ழ-வை நான் கேட்டதில்லை.

பாணந்துறை ரயில் போனது.
சாத்திய ஜன்னலை மீறித்
தரைவழி ஏறி வந்து
பாட்டின் அடியில் கொஞ்சம் உறுமியது.
நிறுத்தவில்லை நாங்கள்.

ஏழரைக்கு எழுந்தாள்.
நூறாம் நம்பர் பஸ், கோட்டையில் இறங்கி
கொட்டாஞ்சேனைக்கு இன்னொன்று.
கைப்பையின் வாயில்
புதுப் பாஸ்போட்டின் விளிம்பு தெரிந்தது.
அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
மைக் இன்னும் திறந்தே இருந்தது.

பழக்க தோஷம்,
முகத்தை ஒரு பக்கம் திருப்பித்தான் சொன்னாள்
"போயிட்டு வாறன்" என்று.

அம்ப்பில் வந்தது
"வாறன்" மட்டும்.