ஜன்னல் பக்கத்துப் பெட்டி

கோத்தகிரி டானிங்டனில்
மருந்துக்கடை மாடிக்கு
இரண்டு சர்வர்கள் வந்து இறங்கின,
பரிசோதித்துப் பார்க்க, பத்து நாள் இரவலாக.
ஒன்றில் அறுபத்து நான்கு கோர்,
மற்றதில் தொண்ணூற்றாறு.
விலையில் நாலு லட்சம் வித்தியாசம்.

"ஒரே நம்பரா சொல்லுங்க மேடம்" என்றார்
திருப்பூரிலிருந்து வாங்கப்போகிறவர்.
பத்து நம்பர் சொன்னால்
அவருக்குப் பசி வந்துவிடும்.

நிரல்களைத் தொகுக்க விட்டேன்.
கோப்புகளைச் சுருக்கி விரிக்க விட்டேன்.
மூன்று கோடி பனியன் ரசீதுகளில்
ஒரு பொத்தானைத் தேடச் சொன்னேன்.
விசிறிகள் ஊளையிட்டன.
கீழே மருந்துக்கடை நாய் பதிலுக்கு ஊளையிட்டது.

ஜெயித்தது அறுபத்து நான்கு.
பதினோரு சதவீதம்.
நம்பாமல் ஐந்து முறை ஓட்டினேன்,
ஓரத்து எண்களைத் தள்ளி நடு எண்ணை எடுத்தேன்.
பதினொன்றேதான்.
மலிவானது ஜெயித்தால் யாருக்கு வலிக்கும்?
அறிக்கையில் பாதி எழுதியும்விட்டேன்.

ராத்திரி ஒன்றரைக்குத்தான் கவனித்தேன்,
இரண்டு பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு
இடது கால் மரத்துப்போயிருந்தது,
வலது கால் வெதுவெதுப்பாக இருந்தது.

இடப்பக்கம் ஜன்னல்.
ஐப்பசி மழையில் கொக்கி போனது,
இரண்டு விரல் இடுக்கு.
அதன் வழியே தை மாதம்
நேராக அறுபத்து நான்கின் மூக்குக்குள்
போய்க்கொண்டிருந்தது.
வெளியே நான்கு டிகிரி,
மைதானத்துப் புல்லில் உப்புத் தூவியது போல் பனி.

யூ.பி.எஸ். பார்க்க வந்த போஜனைப் பிடித்து
பெட்டிகளை இடம் மாற்றினோம்.
முப்பது கிலோ ஒவ்வொன்றும்.
"எது நல்லதுக்கா?" என்றான் மூச்சிரைக்க.
தெரியவில்லை, தூக்கு.

தொண்ணூற்றாறு ஜெயித்தது.
பத்தொன்பது சதவீதம்.

இடுக்கில் அட்டை திணித்து
போஜன் வீட்டு ஹீட்டரைக் கொண்டுவந்து
அறையைத் திருப்பூராக்கப் பார்த்தோம்.
முப்பத்தொரு டிகிரியில் ஃப்யூஸ் போனது.
அதற்குள் கிடைத்த ஒரே ஓட்டத்தில்
இரண்டும் தாமாகவே வேகம் குறைத்து
ஏறக்குறைய சேர்ந்தே வந்தன,
பெரியது நான்கு சதவீதம் முன்னால்.
ஒரு சதவீதம் ஒரு லட்சம்.
ஆனால் ஒரே ஓட்டம். அதை ஓட்டம் என்று எழுத எனக்குக் கூச்சம்.

காலையில் போன்.
"எதும்மா?"
"அங்க இப்ப எத்தனை டிகிரி சார்?"
நலம் விசாரிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.
"தை மாசம்னு பேரு, ஃபேன் போட்டுட்டுத்தான்
உக்காந்திருக்கேன்" என்றார்.

அட்டவணையில்
அதற்கு ஒரு கட்டம் போட்டேன்.