முதுகு

ஒருநாள் கூலிக்கு என் முதுகைக் கேட்டாள் கிருபாலினி.
இரட்டிப்பாய்த் தந்தால் நெஞ்சையும் தாறேன் என்றேன்.
நெஞ்சு வேண்டாமாம்.
சீனக்குடா மாவு ஆலையில் பதினேழு வருஷம்
ஐம்பது கிலோ ஐம்பது கிலோவாய்
அமுங்கிப்போன இடம்தான் வேண்டுமாம்.

டச்சுக்குடாவில், அரைக்கூரை வாடியொன்றில்
குப்புறக் கிடந்தேன்.
வாஸலின் பூசினாள், ஈரச் சாந்து அப்பினாள்.
முதலில் குளிர்ந்தது. பிறகு தானாகச் சூடேறியது,
கன்னியாக் கிணறுபோல.
அசையாதீங்கோ அண்ணை.
அசையாமல் கிடக்க எனக்கு இதுவரை
ஒருவரும் காசு தந்ததில்லை.
தும்மல் வந்தது. விழுங்கினேன்.

கழற்றும்போது கொஞ்ச மயிரும் அதோடு போயிற்று.
அச்சுக்குள் எட்டிப் பார்த்தேன்.
நடுவில் மேடாக ஒரு வரம்பு,
இருபுறமும் சரிந்து இறங்கும் தரை,
தோளடியில் பழைய வெட்டுக்காயம்
ஒற்றையடிப் பாதைபோல.
நாற்பத்துநாலு வருஷமாய்ச் சுமந்தும்
நான் போயிராத ஊர்.

சிப்பித்தூள், கடல்மணல், சீமெந்து குழைத்து வார்த்தாள்.
காயவைத்த இரவில் கோட்டை மானொன்று வந்து
உப்புக்கு அதை நக்கியதாம்.
அதைக் கேட்டபோது எனக்குக் கூசியது.

லாண்ட்மாஸ்டரில் ஏற்றிச் சல்லிக் கரைக்குக் கொண்டுபோனோம்.
அலை வந்து திரும்புமிடத்தில் இறக்க நாலு பேர்.
நாலில் ஒருவன் நான்.
கூலி கேட்கவில்லை.

வாடைக்காற்று முடியும்வரை அந்தப் பக்கம் போகவில்லை.
கப்பலுக்குமேல் கப்பல்.

பங்குனியில் போனேன்.
முள்ளந்தண்டில் பாசி இறங்கியிருந்தது,
விலாவெங்கும் கொட்டலசு,
வெட்டுக்காயத்தை மணல் மூடியிருந்தது.
இடது தோள்பட்டைக்குக் கீழே,
எனக்கு எப்போதும் வலிக்கிற அதே குழியில்,
ஒரு கை தண்ணீர்.
அதற்குள் விரல்நீள மீனொன்று
கடல் திரும்பி வரட்டும் என்று நின்றது.

நிஸ்தார் அதன்மேல் குந்தி வலை பிரித்துக்கொண்டிருந்தான்.
இருக்கத் தோதான கல்லு, என்றான்.
ஓம், என்றேன்.
வேறென்ன சொல்ல?

இரவு றெஜினா தைலம் தேய்த்தாள்.
அவளுடைய பெருவிரல்
வழமையான இடத்துக்கு வந்து அழுத்தப் பார்த்தது.

மெல்ல, என்றேன்.
அதுக்குள்ள மீன் நிக்குது.