ஓடுபாதை எந்தத் திணை

வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளை.
ஐந்து நிலத்தையும் பலகையில் கட்டம் போட்டு வைத்திருந்தேன்:
பூ, பொழுது, பறை, ஒழுக்கம்.
பதினோரு பேர். பதினோரு கொட்டாவி.
தெவினா மட்டும் கை தூக்கினாள்:
"குறிஞ்சிப் பூவை நீங்க பார்த்திருக்கீங்களா, மிஸ்?"

இல்லை.
ரெதுயியில் படித்து
பார்க்காத பூவுக்கு ஐந்து மதிப்பெண் வாங்கியவள் நான்.
கட்டத்தை அழித்தேன்.
கோபத்திலா வெட்கத்திலா, இன்றும் தெரியாது.

அடுத்த வாரம் ஓவிய அறை.
தமிழில் ஓரெழுத்தும் அறியாத ஒடில்
எட்டுச் சர்க்கரைச் சாக்குகளைப் பிரித்து, ஒன்றாய்த் தைத்து
தரையில் விரித்திருந்தாள்.
"மாயேபூரைப் போடுங்கள்" என்றாள் கிரெயோலில்,
"எது என்னவென்று பிறகு சண்டை போடலாம்."

சண்டை உடனே வந்தது.

சிங்கமலை குறிஞ்சி, சரி. பூவுக்கு எங்கே போவது?
"சீனக் கொய்யா" என்றான் கவிலன்.
"பழம் பறிக்கப் போறேன்னு மலைக்குப் போறவங்க
எல்லாரும் பழமா பறிக்கிறாங்க?"
சிரிப்பு அடங்கக் கால்மணி ஆயிற்று.
கூடலும் கூடல் நிமித்தமும்
அவ்வளவு வேகமாய் நான் நடத்தியதே இல்லை.

முல்லை, பேருந்து நிலையம்.
மாலை, காத்திருத்தல், எல்லாம் பொருந்துகிறது.
"மாட்டுமணி?"
"கியூர்ப்பீப் பஸ் வளைவில் ஆரன் அடிக்குமே,
அது கேட்டுத்தான் அம்மா
சோத்துக்கு உலை வைப்பாங்க."

நெய்தலுக்கு ரூபன் நீலத்தைத் தொடவில்லை.
கறுப்பைக் குழைத்தான்.
கப்பல் உடைந்து எண்ணெய் கொட்டிய வருடம்
அவன் அப்பாவின் படகு கட்டியே கிடந்தது.
கரும்புச் சருகைத் துணியில் அடைத்து
ஊரே மிதவை தைத்தது.
"மருதம் வந்துதான் நெய்தலைக் காப்பாத்துச்சு, மிஸ்,
இதை எங்க எழுதறது?"
நான் எழுதிக்கொண்டேன். என் கையில்தான் இடமிருந்தது.

மருதத்துக்குப் பச்சை, யாரும் மறுக்கவில்லை.
அது காய்வதற்குள் யோகினி உருளையை எடுத்தாள்.
பச்சையின் குறுக்கே
ஒரே இழுப்பு.
சாம்பல் நிறம்.

"என்ன இது?"
"பிளெசான்ஸ். ஓடுபாதை. பாலை."
"பாலைக்குத் தனி நிலம் கிடையாதே."
"கிடையாது. இருந்தது திரிஞ்சு பாலையாகும்னு
நீங்கதான் சொன்னீங்க."
"குறிஞ்சியும் முல்லையும்தான் திரியும்."
"சொன்னவங்க கரும்பை வெட்டிட்டுத்
தார் போட்டதைப் பார்க்கலை, மிஸ்."

விடாமல், ஆசிரியப் புத்தி, கேட்டேன்:
"பாலைக்குப் பொழுது நண்பகல். உன் அண்ணன் போனது?"
"ராத்திரி பதினொண்ணு பத்து."
"அப்போ?"
"அங்க விளக்கை அணைக்கிறதே இல்லை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எப்பவும் நண்பகல்தான்."

பயணக் கப்பலின் சமையலறையில்
ஒன்பது மாத ஒப்பந்தம் அவனுக்கு.
யார் கூற்று என்று அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஒடில் என் முழங்கையை இடித்தாள். என்ன சொல்கிறாள்?
பாலைக்குக் கிரெயோலில் சொல் தேடி
கடைசியில் "அலே" என்றேன். போ, போதல்.
"அலை!" என்று பின்வரிசை திருத்தியது.
கடலில் இருப்பதா, ஊர் ஊராய்ச் செய்வதா என்று
அதற்கொரு சண்டை.
சாக்கின் தையலில் மிஞ்சிய சர்க்கரைக்கு வந்த எறும்புகள்
ஈரச் சாயத்தைச் சுற்றிக்கொண்டு போயின.

எனக்கும் ஒரு தூரிகை தந்தார்கள்.
பள்ளிக்கூடத்தை எங்கே வைப்பது,
அது எந்தத் திணை என்று கேட்டேன்.
"கொட்டாவி வந்தா பாலை" என்றான் கவிலன்.
மற்ற நாளைப் பற்றி
இன்னும் முடிவாகவில்லை.