மேடு

தெலுக் கும்பார் தாண்டி மலை வளைவில்
பின் டயர் படுத்துவிட்டது.
சனிக்கிழமை, பத்தரை மணி.
பாலிக் புலாவுக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர்.
சூபின் ஹெல்மெட்டைக் கழற்றி
மோட்டாரிடம் கொரிய மொழியில் ஏதோ கேட்டாள்.
அது பதில் சொல்லவில்லை.

பாயான் லெப்பாஸ் ஆலையில்
எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை.
வெள்ளை அங்கி, முகமூடி, கண்கள் மட்டும்.
அவள் மூக்கோரம் மச்சம் இருப்பதே
போன மாதம் கேண்டீனில்தான் தெரிந்தது.

தள்ளினோம்.
ஒரு பக்கம் கிராம்பு மரங்கள், மறுபக்கம்
டுரியானுக்குக் கட்டிய வலை.
"எங்க ஊர்ப்பக்கம் இப்படித்தான்" என்றவள்
நாலடி கழித்து
"இல்லை, அங்கே குளிரும்" என்று திருத்தினாள்.

மேடு முடிந்த இடத்தில் ஸ்டாண்டைப் போட்டு
"அப்பாடா" என்றேன்.

அவள் சட்டெனத் திரும்பிப் பார்த்தாள்.
"எங்கே?"
அவள் மொழியில் அதற்கு
'இதோ, அப்பா' என்று அர்த்தமாம்.

பாரத்தை இறக்கி வைத்ததும் சொல்வது என்று
பாதி ஆங்கிலத்தில், பாதி கையால் விளக்கினேன்.
பட்டர்வொர்த்தில் இருக்கிறார்,
பாலம் தாண்டினால் அரை மணி நேரம்,
ஆறு வருஷமாய்ப் பேச்சில்லை
என்பதை விளக்கவில்லை.

பட்டறை ஆ சூன்
டியூபைத் தண்ணீரில் அமுக்கினார்.
குமிழி வந்த இடத்தில்
பால்பாயிண்ட் பேனாவால் ஒரு வட்டம்.

லக்சாவின் மீன் வாசத்துக்கு முகம் சுளித்து
சூபின் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.
திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள்.
ஒவ்வொரு மேடு முடியும்போதும் கத்தினாள்
"அப்பாடா!"
தமிழிலா கொரியத்திலா தெரியவில்லை.
கடல் தெரிந்தது,
கடைசி மேட்டில்
பாலமும்.