திரும்பும் எடை

குளுகோரில் நாலு மணிக்கு மழை.
மூன்றாம் மாடி ஆய்வகத்தில் நான்
கிராம் கணக்கில் வறட்சி செய்கிறேன்.

ஒரு வெள்ளைத் துகள். நீரில் கலக்கினால்
நீரைப் பிடித்துக்கொள்ளும், விடாது.
விதை நனைந்தபடியே கிடக்கும்,
குடிக்க மட்டும் முடியாது.
சுற்றிலும் கடல் வைத்திருக்கும் இந்தத் தீவில்
குழாய் நின்றுபோகிற நாளில்
இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தட்டைப்பயறு, தட்டுக்கு ஐம்பது.
ஆறு மணி நேரம் ஊறல்.
பிறகு நிழலில், காற்றாடிக்குக் கீழே,
பழைய எடை திரும்பும்வரை உலர்த்தல்.
மறுபடி ஊறல். மறுபடி உலர்த்தல்.
ஒன்றும் நடக்காததுபோல்
தராசு பழைய எண்ணையே காட்டும்.
நடந்திருக்கும்.
இரண்டு முறை ஏமாந்த விதைகள்
வறட்சித் தட்டில் மூன்றாம் நாள் முளைத்தன, முப்பத்தெட்டு.
ஏமாறாதவை பத்தொன்பது.

விளையும் பயிர் முளையிலே தெரியுமாம்.
முளைக்கு முந்திய சங்கதியைப்
பழமொழி விட்டுவிட்டது.

"காய்ந்தால்தான் உறுதி வரும்" என்றார் சற்குணன்,
ஒப்பந்தக் கடிதத்தை என் பக்கம் தள்ளியபடி.
மறுபடி ஆறு மாதம்.
ஏழாவது ஆறு மாதம்.
அவருக்கு நிரந்தர வேலை.

கையெழுத்துப் போட்டு, மழைச்சட்டை மாட்டி,
மோட்டாரை எடுத்தேன்.
நடுப்பாலத்தில் ஞாபகம் வந்தது:
நண்பகலில் ஊறப் போட்ட நான்காம் தட்டு.
பாலத்தில் திரும்ப இடமில்லை.
அக்கரையில் பிறை, குழந்தைப் பராமரிப்பு வீடு,
ஆறரை தாண்டினால் மணிக்கு ஐந்து வெள்ளி.
வாசலில் பையோடு நிற்பான் இனியவன்.
போனேன்.

காலையில் மூடியைத் திறந்தால்
தோலைக் கிழித்துக்கொண்டு
நகத்துணுக்கு நீளத்தில் வெள்ளையாய்,
நாற்பத்தொன்றில்.

வேர் வெளியே வந்த விதை
உலர்ந்தால் உறுதியாகாது.
சாகும்.
சற்குணனுக்கும் தெரியும் இது,
தன் கட்டுரையில் அவரே எழுதியிருக்கிறார்.

பதிவேட்டில் குறித்தேன்:
தட்டு நான்கு. கழிவு. கோகிலவாணியின் கவனக்குறைவு.
கழிவை ஈரத்துணியில் சுற்றிச்
சோற்று டப்பாவில் வைத்து
மாலையில் பாலம் கடந்தேன்.

பதினோராம் மாடி நடைவழி.
மைலோ டின்கள், அடியில் ஆணித்துளை,
கீழ்வீட்டுக்காரர் கொடுத்த ஒரு வாளி மண்.
இனியவன் எண்ணி எண்ணி நட்டான்,
இருபத்தாறில் எண்ணிக்கை தவறி
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான்.

"எவ்வளவு தண்ணி ஊத்தணும்மா?"

மில்லி கணக்கு வாய்வரை வந்தது.

ஊத்து, என்றேன்.