டோராவின் புதுக்குரல்

அந்த வியாழக்கிழமை
டோரா பிளென்கின் வேறு குரலில் பேசினாள்.
கழுவிய தட்டு கையில் சொட்ட
நான் அப்படியே நின்றுவிட்டேன்.
முப்பத்தோரு வருடம் பழகிய தொண்டை அது.
கோபம் வந்தால் அடியில் மணல் உரசும்,
பொய் சொல்லுமுன் ஒரு சின்ன மூச்சு இழுக்கும்.
இவளிடம் மணல் இல்லை. மூச்சும் இல்லை.

பழைய நடிகை இறந்துவிட்டாராம்.
ஒன்பது மணிச் செய்தியில் ஒரு வரி, பிறகு வானிலை.
தொடருக்குள் யாருக்கும் தெரியவில்லை.
கட்டிய கணவன், தபால்காரன்,
வேலித் தகராறில் பதினான்கு வருடம்
அவளோடு பேசாமலிருந்த பக்கத்துப் பண்ணைக்காரன்,
ஒருவரும் கேட்கவில்லை:
உன் குரலுக்கு என்னம்மா ஆச்சு?

நான் கிளெனிஸ். ஹல் நகரத்தில்
மீன்தொழிற்சாலை இருந்த தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி.
என் மகன் பிறந்த மாலையில்
வார்டு ரேடியோவை அணைக்கப் போன நர்ஸிடம்
"இன்னும் நாலு நிமிஷம்தான்" என்று கெஞ்சியவள்.
அப்போதெல்லாம் ஒரு வாரம் முழுக்க
ஒரு கதவு இறுகிக் கிடக்கும், அவ்வளவுதான் கதை.
இப்போது மாதம் ஒரு தீ, ஒரு கடத்தல்,
போன பனிக்காலம் கிணற்றில் ஒரு பிணம்.
இருநூறு பேர் ஊரில் இத்தனை என்றால்
மிச்சம் இருப்பது யார், கதை கேட்க?
திட்டிக்கொண்டே ஏழு மணிக்குக் குமிழைத் திருகுகிறேன்.

இரவுப் பேச்சுக்காரர் ரஸ் கெட்லி கதை வேறு.
அவர் குரல் மாறவே இல்லை.
அதே வெல்லப்பாகு, அதே இருமல்.
ஒரு காலத்தில் கூரைப்பாசிக்கு மருந்து சொல்வார்.
கூல் ஊர்ப் பெண்ணின் ஆமை தொலைந்தபோது
பதினொரு இரவு நாங்கள் எல்லோரும் தேடினோம்,
படுக்கையில் படுத்தபடியே.
நானும் ஒருமுறை கூப்பிட்டேன். நாற்பது நிமிடக் காத்திருப்பு,
வினிகரும் சாக்கடையும் பற்றிப் பதினைந்து நொடி.
"நன்றி, கிளெனிஸ் கண்ணு" என்றார்.
அந்தக் 'கண்ணு' எனக்கு ஒரு மாதம் வந்தது.

வாக்கெடுப்பு நடந்த கோடையிலிருந்து
அதே வெல்லப்பாகில் ஊசி போட்டுத் தருகிறார்.
கூப்பிட்டவனை அறுக்கிறார், அறுத்துவிட்டுச் சிரிக்கிறார்.
ஒரு ராத்திரி ஒரு கிழவர் அழத் தொடங்கினார்,
விளம்பரத்துக்குப் போய்விட்டார்கள்.
சோபா விளம்பரம். பாதி விலை.
எழுந்து போய் அணைத்தேன்.
அணைத்த பிறகுதான் தெரிந்தது,
இந்த வீடு எவ்வளவு பெரிது என்று.
மறுநாள் மறுபடி போட்டேன்,
சொல் புரியாத அளவுக்குச் சத்தம் குறைத்து.

கிளைவ் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது மார்ச்சில்.
இடது பக்கம் மட்டும்தான் என்றார்கள்.
வாயில் பஞ்சு வைத்துப் பேசுவது போல ஒரு ஆள்
என் கணவரின் கோட்டைப் போட்டுக்கொண்டு
டாக்ஸியிலிருந்து இறங்கினார்.
அவர் நண்பர்கள் வந்தார்கள், டார்ட்ஸ் பற்றிப் பேசினார்கள்.
தபால்காரன் கையசைத்தான்.
நானும் ஒன்றும் கேட்கவில்லை.
ஒரு சர்க்கரையா இரண்டா என்றேன்.
நாற்பத்தாறு வருடமாக இரண்டுதான்.

டோராவைப் பற்றிக் கோபமாக
ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன்,
தபால்தலை ஒட்டி, ரொட்டிப்பெட்டிக்குப் பின்னால்.
நேற்று டோரா நிலத்தை விற்கவில்லை
என்று மகளிடம் சத்தியம் செய்துகொண்டிருந்தாள்.
"பொய்," என்றார் கிளைவ்.
அந்த வாயால் முழுசாக வந்த வார்த்தை.
எப்படித் தெரியும் என்றேன்.
மூச்சு இழுத்தாள் என்று
விரலால் தன் மூக்கைக் காட்டினார்.

எனக்குக் கேட்கவில்லை.
குழாய் திறந்திருந்தது.