கலப்பைப் பலகை

விடுதியின் பெயர் கலப்பை.
கடலோரத்தில் இதென்ன பெயர் என்று
கேட்காத பயணி இல்லை.
பெயர் வைத்த ஆண்டில்
வாசலுக்கும் அலைக்கும் நடுவே ஏழு வயல்.
நாலில் பார்லி, இரண்டில் டர்னிப்,
ஒன்று எப்போதும் தரிசு.

நான் அளக்க வந்தவன்.
போன மார்ச்சில் பத்தொன்பது மீட்டர்.
இந்த மார்ச்சில் பதினாலே கால்.

யார்க்‌ஷயரின் இந்தக் கரை முழுக்கக் களிமண்.
பாறை என்றால் மல்லுக்கு நிற்கும், சத்தமாவது போடும்.
இது தேநீரில் நனைந்த ரொட்டி.
ராத்திரி யாருக்கும் சொல்லாமல் ஒரு விள்ளல் போய்விடும்.
காலையில் கடல் பழுப்பாக இருக்கும்,
அவ்வளவுதான்.

முற்றத்து வளைவு இன்னும் நிற்கிறது.
ஹல் நகரிலிருந்து நாலு குதிரை பூட்டிய மஞ்சள் வண்டி
வாரம் மூன்று முறை இதற்குள் நுழைந்தது.
கூரைமேல் உட்கார்ந்தால் பாதிக் கட்டணம்.
வளைவு வந்ததும் குனிய வேண்டும்.
தூங்கியவனுக்குத் தொப்பி போகும்.
ஒருவனுக்குத் தலையே போனதாகப் பேச்சு;
கணக்கேட்டில் தொப்பிதான் இருக்கிறது.

கணக்கேடு திர்ஸா ஹார்க்கரின் கையெழுத்தில்.
புருஷன் ஜாபெஸுக்கு ஊற்றத் தெரியும், கூட்டத் தெரியாது.
எட்டுக் குதிரைக்கு ஓட்ஸ்.
மெழுகுவத்தி இரண்டு.
பாதிரியாருக்கு ஆட்டுக்கறி, கடன்.
கடலில் குளிக்க வந்த சீமாட்டிக்கு
வெந்நீர், மூன்று வாளி.

காற்றாலை மேட்டில் கொம்பு ஊதுவார்கள்.
அது ஓய்வதற்குள்
லாயக்காரன் ஒபதாயா
மாற்றுக் குதிரைகளோடு வாசலில் நிற்பான்.

பிறகு ரயில் வந்தது.
இங்கே இல்லை, ஆறு மைல் வடக்கே.
கடைசி வண்டியில் ஒரே ஒரு பயணி,
ரயில் கம்பெனி ஆள்,
என்னைப்போலவே
மடியில் அளவுச் சங்கிலி.

குதிரைகளை விற்றார்கள்.
லாயம் காலி.
அந்த நவம்பரில் வீசிய புயலில்
கரி ஏற்றி வந்த கப்பல் ஒன்று இரண்டாகப் பிளந்தது.
பிணத்தை வைக்க ஊரில் வேறு கூரை இல்லை.
விசாரணை அதிகாரி வந்தார்,
பன்னிரண்டு பேர் பார்த்துத் தலையாட்டினார்கள்,
பன்னிரண்டு பேருக்கும் பீர், அரசாங்கக் கணக்கு.

திர்ஸா புது ஏடு வாங்கவில்லை.
பழைய கட்டங்களையே நிரப்பினாள்:
பெயர்: தெரியாது. பையன், பதினைந்து இருக்கும்.
எங்கிருந்து: கடல்.
எங்கே: தேவாலயம்.
லாயத்தில் ஓரிரவு, புது வைக்கோல்.
கட்டணம்: ஒரு கோடு.

அப்படிப் பதினோரு வரி.
ஏழாவதில் மட்டும் மை கலைந்திருக்கிறது,
ஏடு ஒழுகும் கூரைக்குக் கீழே இருந்திருக்கலாம்.

அந்தத் தேவாலயம்
என் அப்பா பிறந்த வருஷம் கடலுக்குள் இறங்கியது.
முதலில் கல்லறைக் கொல்லை, பிறகு மணிக்கூண்டு.
ஆக, எங்கே என்ற கட்டத்தை
இப்போது திருத்த வேண்டும்.
எழுதியவள் இல்லை, நான் தொடவில்லை.

இன்றைக்கு விடுதி க்ளெனிஸ் கையில்.
நாடாவைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனால்
ஒருத்தரும் குடிக்கவில்லை, எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்.
"எத்தனை?"
சொன்னேன்.
கரும்பலகையில், பட்டாணி சூப் விலைக்குக் கீழே
அவள் எழுதினாள். ஒரே கூச்சல்.
தலைக்கு ஒரு பவுண்ட் பந்தயம்.
பதினாலு என்று சொன்ன நண்டுக்காரர் டெஸ்மண்ட் ஜெயித்தார்.
ஜெயித்ததற்கு மேலேயே செலவழித்து
எல்லோருக்கும் ஒரு சுற்று வாங்கினார்.

வெளியே பலகை ஆடுகிறது,
சங்கிலியில் எண்ணெய் இல்லை.
கொழுமுனை கடலைப் பார்த்து.

"ராத்திரி தங்குறியா?" என்றாள் க்ளெனிஸ்.
"கடல் பக்கத்து அறைன்னா
பாதிக் கட்டணம்."

நாடா நுனியில் ஒட்டியிருந்த களிமண்ணை
நகத்தால் சுரண்டிக்கொண்டே
சரி என்றேன்.